விழுந்த கதிருக்குக் காவல்

காவல்காரர் வேலையை நிஸ்தோர் தேடிப் போகவில்லை. பராகன் சமவெளியில், சரேனி என்ற ஊரில், முப்பது வருஷத்துக்கு மேல் அறுவடை இயந்திரம் ஓட்டியவர் அவர். பத்தொன்பது வயதில் கூட்டுப் பண்ணையின் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தார். கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்து, பண்ணை கலைந்து, தொழுவத்துக் கதவையும் கூரைத் தகரத்தையும் ஆளுக்கொன்றாகக் கழற்றிக்கொண்டு போன அந்தக் குளிர்காலத்திலும் அவர் அதை விட்டு இறங்கவில்லை. யாராவது சக்கரத்தை உருவிவிடுவார்கள் என்ற பயத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு வாரம் அதன் மேலேயே கிடந்தார். அண்ணன் அங்கேல்தான் தூக்குப்போணியில் சூப்பு கொண்டுவருவார்.

"என்னடா, அதையே கல்யாணம் கட்டிக்கிட்டியா?" என்று கீழே நின்று கேட்பார்.

"கட்டினாலும் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன். டீசல் வாடைக்கு அண்ணி விரட்டிடுவாங்க."

அண்ணி சவேதா அப்படி விரட்டுகிறவள்தான். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த சூப்பில் ஒரு துண்டு கறியைக் கூடுதலாகப் போட்டு அனுப்புகிறவளும் அவள்தான்.

பண்ணை விழுங்கியிருந்த நிலத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுத்தபோது நிஸ்தோருக்கு மூன்று ஹெக்டேரும் அங்கேலுக்கு இரண்டும் வந்தன. சில குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து அந்தப் பழைய இயந்திரத்தை ஏலத்தில் எடுத்தன. விளைச்சலுக்குக் குறை இல்லை. அந்தக் கரிசல் மண் யாரையும் ஏமாற்றியதில்லை. தொல்லையெல்லாம் விற்பதில்தான். எல்லோருடைய கோதுமையும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வரும், அந்த வாரத்தில் விலை படுத்துக்கொள்ளும். எல்லோரும் விற்று முடித்த பிறகு எழுந்து நடக்கும். கிடங்கு வைத்திருந்த வியாபாரி காத்திருந்தான். இவர்களுக்குக் காத்திருக்க இடம் இல்லை. ஒரு வருஷம் துணிந்து, விற்காமல், ஊர்ப் பொது மண்டபத்தில் மேடை வரைக்கும் குவித்து வைத்தார்கள். கூரை ஒழுகியது. நாடகம் போடும் மேடையில் கோதுமை முளைவிட்டுப் பச்சையாக நின்றதை ஊரே போய்ப் பார்த்தது. அங்கேல் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் கம்பெனி குத்தகைக்குக் கேட்டு வந்தபோது ஊர் கதவைத் திறந்துவிட்டது. நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த வருஷம் அது. முதலாளி யார், எந்த நாட்டுக்காரர் என்று யாருக்கும் தெரியாது. பிறகு அது இரண்டு தடவை கைமாறியதும் வாசலில் பெயர்ப்பலகை மாறியதால்தான் தெரிந்தது. குத்தகையைக் கோதுமையாகவே தந்தார்கள். ஆகஸ்ட் மாதம் டிராக்டர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, சேர வேண்டியதைக் கொட்டிவிட்டுப் போகும். கொஞ்சம் மாவாகும், மீதி கோழிக்கும் வாத்துக்கும் பன்றிக்கும் போகும். யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பன்றி அடிக்காத வீடு ஊரில் இல்லை. நிஸ்தோருக்குக் கம்பெனியிலேயே இயந்திரம் ஓட்டும் வேலை கிடைத்தது. அந்த வருஷங்களில்தான் அங்கேல் திராட்சைக் கொடி வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அண்ணி வீட்டு விறகு பிளப்பதும், டிசம்பரில் பன்றிக்குக் கத்தி வைப்பதும் நிஸ்தோரின் பொறுப்பாயிற்று.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. வயல்களுக்கு நடுவே போன வண்டிப்பாதைகளை உழுதுவிட்டார்கள். வரப்போரத்து உயரமான பாப்லர் மரங்களை வெட்டினார்கள். தன் நிலம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் கை காட்ட முடியாதபடி எல்லாம் ஒரே வயலாகி, அடிவானம் வரை ஓடியது. அப்புறம் தானே வழி பார்த்து ஓடும் பெரிய இயந்திரங்கள் வந்தன. ஆறு ஓட்டுநர்கள் இருந்த இடத்தில் இரண்டு இளவட்டங்கள் போதும் என்றானது. நிஸ்தோரை அனுப்பிவிடாமல் வயல் காவலுக்குப் போட்டார்கள். ஒரு பச்சைச் சட்டை, கம்பெனிப் பெயர் எழுதிய ஒரு சிறிய கார்.

"உக்காந்து சம்பளம் வாங்கற வேலை அண்ணே," என்றார் கம்பெனி இஞ்சினியர் கிரிஷான். வேளாண்மை படித்துவிட்டு வந்த, முப்பத்தைந்து வயதுக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"மிஷின்லயும் உக்காந்துதான் இருந்தேன் சார்," என்றார் நிஸ்தோர்.

கோதுமைக்குப் பதிலாக இனிப் பணம்தான் தருவோம் என்று கம்பெனி அறிவித்த வருஷம், ஊர்க்காரர்கள் நிஸ்தோரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நீ உள்ளே இருக்கிறவன், கேட்டுச் சொல் என்றார்கள். அவரும் போய்க் கேட்டார்.

"சார், அவங்களுக்குக் கோதுமையாவே குடுத்துடுங்களேன். இங்கதானே வெளையுது."

"அது நம்ம கோதுமையே இல்லையே அண்ணே. பிப்ரவரியிலயே வித்தாச்சு."

"பிப்ரவரியில அது பச்சையா இல்ல நின்னுது?"

"பச்சையா நிக்கும்போதே வித்துடுவாங்க. எவ்வளவு டன், என்னிக்குக் கான்ஸ்டன்சா துறைமுகத்துக்குப் போகணும், எந்தக் கப்பல், எல்லாம் முடிவாயிருக்கும். பாரிஸ் சந்தையில விலை போடறாங்க. ஒரு லாரி குறைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்."

நிஸ்தோர் ஊருக்குத் திரும்பி அதை அப்படியே சொன்னார். கேட்டவர்களில் ஒருவர், "அப்ப நம்ம கோழி பாரிஸ்லதான் போய் மேயணும்," என்றார். சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த பிப்ரவரியில் பக்கத்து நாட்டில் போர் தொடங்கியது. உலகத்துச் சந்தையெல்லாம் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் அடித்துக்கொண்டது. விலை ஏறினால் விளைகிற ஊருக்குக் கொண்டாட்டம்தானே என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். குத்தகைத் தொகையோ முன்னமே பேசி எழுதியது, அது அசையவில்லை. ஏறியது தீவன மூட்டையும் ரொட்டியும்தான். ரொட்டி அந்த ஊருக்கு நகரத்திலிருந்து வேனில் வந்தது. இரண்டு பக்கமும் கோதுமை நிற்கிற சாலையில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும். பெண்கள் பையுடன் போய் நிற்பார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் பல வீடுகளில் வாத்துச் சத்தம் நின்றுவிட்டது. சவேதா கோழிகளைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு பன்றிக்குட்டியை மட்டும் பிடிவாதமாக வளர்த்தாள்.

நவம்பரில், மக்காச்சோளம் அறுத்து முடிந்த பிறகு, ஒரு நாள் உச்சி வேளையில் நிஸ்தோரின் கைபேசி ஒலித்தது. பெரிய வயலின் கிழக்கு ஓரத்தில் யாரோ ஆள் நடமாட்டம் தெரிகிறது, போய்ப் பாருங்கள் என்றார் கிரிஷான். மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. காரை நிறுத்திவிட்டுத் அறுத்து மிச்சமான தட்டைக்கட்டைகளுக்கு நடுவே நடந்தவர், கைவண்டியைத்தான் முதலில் அடையாளம் கண்டார். அண்ணன் செய்த வண்டி. அதில் இரண்டு சாக்கு. பக்கத்தில், அண்ணனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, சவேதா குனிந்து கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"வா நிஸ்தோர். அந்தப் பக்கம் மிதிக்காதே, கதிர் கெடக்கு."

"எடுக்கக் கூடாதுன்னு பலகை வெச்சிருக்கே, பாக்கலியா?"

"பாத்தேன். ஊர்ல இருக்கறவன் யாரும் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நெலத்துக்காரி எடுக்கக் கூடாதுன்னு போடலியே."

"நெலம் உங்களுதுதான். மேல நிக்கறது கம்பெனியோடது. அப்படித்தானே எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்."

"நிக்கறதை நான் எங்க தொட்டேன்? விழுந்ததைப் பொறுக்கறேன்."

"விழுந்ததும் அவங்களுதுதான் அண்ணி."

"அப்ப வந்து பொறுக்கிக்கச் சொல்லு."

நிஸ்தோருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "சாக்கை இங்கயே கொட்டிட்டுப் போயிடுங்க. நான் யாரையும் பாக்கலைன்னு சொல்லிடறேன்," என்றார்.

சவேதா அண்ணாந்து பார்த்தாள். அப்போதுதான் அவருக்கும் அந்த ரீங்காரம் காதில் விழுந்தது. தலைக்கு மேலே ட்ரோன் நின்றுகொண்டிருந்தது.

"அதுகிட்டயும் சொல்லிடுவியா?" என்று கேட்டாள்.

கைபேசி மறுபடி ஒலித்தது. எடுத்தார்.

"யாரு அண்ணே அது?"

"எங்க அண்ணி," என்றார்.

கிரிஷான், "எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேன். படம் நேரா புக்கரெஸ்ட் தலைமை ஆபீசுக்குப் போகுது. கூட்டிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது, ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடலாம்," என்றார்.

சவேதா காரில் ஏற மறுத்துவிட்டாள். வண்டியையும் விடவில்லை. இரண்டு சாக்கையும் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் நிஸ்தோர் காரை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி அலுவலகத்துக்கு ஊரின் நடுத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். வேலிக்கு வேலி ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வீட்டில் நாய் குரைத்ததற்கு, வீட்டுக்காரி அதை அதட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் கிரிஷான் நாற்காலி போட்டார். தாளை நீட்டினார். கவனக் குறைவால் கம்பெனிப் பொருளை எடுத்துவிட்டேன், இனி எடுக்க மாட்டேன் என்று அதில் இருந்தது.

"கவனக் குறைவு எங்கருந்து வந்தது?" என்றாள் சவேதா. "கவனமாத்தான் எடுத்தேன். சொத்தையைத் தள்ளிட்டு, நல்ல கதிராப் பாத்துப் பாத்து எடுத்தேன்."

"அம்மா, இதுல கையெழுத்துப் போட்டா இதோட முடிஞ்சுடும்."

"திருடினேன்னு எழுதிக் குடுத்துட்டு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் கோயிலுக்குப் போறது?"

அவள் கையெழுத்துப் போடாததால் போலீஸ்காரர் வந்தார். அவருக்கும் சங்கடம்தான், தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கடைசியில் அபராதம் எழுதிக் கொடுத்தார். சாக்கு இரண்டையும் முற்றத்தில் மலை மாதிரி குவிந்திருந்த மக்காச்சோளத்தின் மேல் கொட்டச் சொன்னார்கள். கொட்டியது நிஸ்தோர். கதிர்கள் உருண்டு போய், எது எதோடு சேர்ந்தது என்று தெரியாமல் மறைந்தன. வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு சவேதா திரும்பிப் போனாள்.

வீட்டில் மனைவி லியோந்தினாவுக்கு விஷயம் முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. களியைக் கிண்டிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள், "நடுத்தெரு வழியாவா கூட்டிட்டுப் போனே?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? போன்ல கேட்டாங்க. படம் போயிருச்சு."

"நான் அதைக் கேக்கலை."

"பின்ன?"

"அந்த வண்டியையாவது நீ தள்ளியிருக்கலாம்ல."

நிஸ்தோர் தட்டு முன்னால் உட்கார்ந்து, களி ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் லியோந்தினா தங்கள் வீட்டு மக்காச்சோளத்தில் ஒரு வாளி எடுத்துக்கொண்டு சவேதா வீட்டுக்குப் போனாள். வாளி அப்படியே திரும்பி வந்தது.

டிசம்பரில், பன்றி அடிக்கும் நாளுக்கு முந்தின தினம், நிஸ்தோர் கத்தியைத் தீட்டிவைத்தார். பேச்சில்லை என்றாலும் அண்ணி அதற்குக் கூப்பிடாமல் இருக்க முடியாதே என்று நினைத்தார். விடிந்தது. ஊரில் நாலு மூலையிலும் வைக்கோல் புகை எழுந்தது, பன்றி மயிர் பொசுங்கும் வாசனை வந்தது. பத்து மணி வரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கே?" என்றாள் லியோந்தினா. "அன்னிக்கு நடந்ததுக்கு அடுத்த வாரமே அவங்க பன்னியை வித்துட்டாங்க. தீனி இல்லைன்னு சொன்னாங்களாம்."

அவர் எழுந்து போய்க் கத்தியை உள்ளே வைத்தார்.

பிப்ரவரியில் குத்தகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. இந்தத் தடவை பத்து வருஷம். சவேதா கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்து குடும்பங்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டன. நிஸ்தோருடைய கையும் நின்றது. ஆனால் கிரிஷான் தனியாகக் கூப்பிட்டு, "கையெழுத்துப் போடாத ஆளைக் காவலுக்கு வெச்சுக்க மேலே ஒத்துக்க மாட்டாங்க அண்ணே," என்றார். ஓய்வூதியத்துக்கு இன்னும் பல வருஷம் இருந்தது. கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது லியோந்தினா, "சரி," என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

ஏப்ரலில் காவல்காரர்கள் அத்தனை பேரையும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். ட்ரோன் போதுமாம்.

"பத்து வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கினீங்களே சார்," என்றார் நிஸ்தோர்.

"அது நிலத்துக்கு அண்ணே. ஆளுக்கு இல்ல." சொல்லிவிட்டு கிரிஷான் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கே அடுத்த வருஷம் இங்கயா வேற எங்கயான்னு தெரியாது."

பச்சைச் சட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, நிஸ்தோர் வீட்டுக்கு நடந்தே வந்தார்.

நிலத்தைத் திரும்பக் கேட்ட ஆறு குடும்பங்களுக்கும் அவரவர் பழைய இடம் கிடைக்கவில்லை. பெரிய வயலுக்கு நடுவே துண்டு விழுந்தால் இயந்திரம் திரும்ப முடியாது என்று சொல்லி, எல்லோருடையதையும் சேர்த்து உப்பு பூத்துக் கிடந்த பள்ளத்தை ஒட்டிய ஓரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அதிலேயே மக்காச்சோளம் விதைத்தார்கள். ஜூன் மாதம் ஒரு காலையில் சவேதா நிஸ்தோர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நான் சமாதானம் பேச வரலை," என்றாள். "அறுப்புக்கு ஆள் வேணும். கம்பெனி மிஷினைக் கூப்பிட்டா நம்ம துண்டுக்கு வரமாட்டாங்க. நாம ஏலத்துல எடுத்த பழைய மிஷின், நம்மகூடப் பங்கு போட்ட பாந்தெலே வீட்டுக் கொட்டகையில கெடக்கு. அதை ஓட்டத் தெரிஞ்ச வேற ஆளு இருந்தா அவன்கிட்ட போயிருப்பேன்."

"ஓடுமான்னு பாக்கணும் அண்ணி."

"பாரு."

கொட்டகையில் இயந்திரத்தின் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரைக்கும் பாந்தெலே மனைவி தொட விடவில்லை. நிஸ்தோர் அடியில் படுத்து வேலையைத் தொடங்கினார். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பல்சக்கரம் தேடினார். மதியம் சவேதா தட்டில் களியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து, சக்கரத்தின் மேல் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் அவள் திரும்பும்போது அவர் அடியிலிருந்தே சொன்னார்.

"அண்ணி, அன்னிக்கு நான்..."

"அன்னிக்கு நீ கார்ல வந்தே, நான் நடந்து வந்தேன். அதைப் பேசிப் பேசி மாத்த முடியுமா? சாப்பிடு, ஈ மொய்க்குது."

அந்தக் கோடையில் மழை இல்லை. உப்புப் பள்ளத்து ஓரத்தில் பயிர் இடுப்புக்கு மேல் எழவில்லை. அக்டோபரில் அறுத்தார்கள். இயந்திரம் நாலு வரிசைக்கு ஒரு தடவை நின்றது; நிஸ்தோர் இறங்கி, அடித்து, கட்டி, திட்டி, மறுபடி கிளப்பினார். தூரத்தில் கம்பெனியின் இயந்திரங்கள் பக்கம் பக்கமாகத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. ஆறு வீட்டுக்கும் தீனிக்கு வந்தது. டீசலுக்கும் விதைக்கும் கொடுக்க மீதியை விற்றாக வேண்டும்.

போரால் அடைபட்டிருந்த பக்கத்து நாட்டுத் தானியமெல்லாம் இப்போது இந்தப் பக்கமாகத் திரும்பித் துறைமுகத்தில் வந்து குவிந்திருந்தது. விலை பாதிக்குக் கீழே போயிருந்தது. வந்த வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி, சிறிசாக இருக்கிறது என்று சொல்லி, அதிலும் குறைத்துக் கேட்டான். கொடுத்தார்கள்.

"போன வருஷம் வாங்கறப்ப விலை ஏறிச்சு," என்றாள் சவேதா, லாரி போன திசையைப் பார்த்துக்கொண்டு. "இந்த வருஷம் விக்கறப்ப எறங்குது. நம்ம ஆறு பேரை அதுக்கு எப்படித்தான் அடையாளம் தெரியுதோ."

யாரும் சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் இரண்டு குடும்பங்கள் மறுபடி கம்பெனியிடமே போய்க் கையெழுத்துப் போட்டன. அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. மற்ற நாலு குடும்பங்களும் அடுத்த விதைக்குப் பணம் சேர்த்தன.

நிஸ்தோருக்கு இனி சம்பளம் இல்லை, நிலமும் இன்னும் எட்டு வருஷத்துக்கு மேல் கம்பெனியிடம்தான். அடுத்த ஏப்ரலில், ஐம்பத்தாறு வயதில், ஜெர்மனிக்குப் போகும் வேனில் ஏறினார். அங்கே அஸ்பாரகஸ் அறுக்கும் வேலை. மண்ணுக்குள்ளேயே வெள்ளையாக வளரும் தண்டு அது. வெளிச்சம் படுவதற்குள் குனிந்து, விரலால் தோண்டி, வெட்டி எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து அறுத்த மனிதருக்கு இடுப்பு முதல் வாரமே போய்விட்டது. வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பையன்கள் தங்கள் வரிசையை முடித்துவிட்டு வந்து, அவருடையதில் பாதியையும் சொல்லாமலே முடித்துக் கொடுத்தார்கள்.

மே மாதம் ஒரு மதிய இடைவேளையில் வீட்டுக்குப் பேசினார். லியோந்தினா கொஞ்சம் பேசிவிட்டு, "இரு, அக்கா இங்கதான் இருக்காங்க," என்று கைபேசியை மாற்றிக் கொடுத்தாள்.

"சொல்லு," என்றாள் சவேதா.

"மழை பெஞ்சுதா அண்ணி?"

"பெஞ்சுது. ரெண்டு நாளா விடாம பெஞ்சுது."

"முளைச்சிருக்கா?"

"முளைச்சிருக்கு. உப்புப் பக்கம் மட்டும் அங்கங்க சொட்டை, உன் தலை மாதிரி." பிறகு, "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"லியோந்தினாகிட்ட சொல்ற பொய்யை எங்கிட்டயும் சொல்லாதே. தைலம் வாங்கித் தடவு. எப்ப வர்றே?"

"ஜூன் கடைசியில."

"வா. மிஷின் பெல்ட்டு நைஞ்சு போயிருக்குன்னு பாந்தெலே சொல்றான். அங்க கெடைச்சா வாங்கிட்டு வா. அளவு அவன் அனுப்புவான்."

"சரி அண்ணி."

மேற்பார்வையாளர் விசில் ஊதினார். நிஸ்தோர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி எழுந்து, தன் வரிசைக்குப் போனார்.